வெயில்குடிச்சான்

கோடாங்கிநத்தத்து வெயிலை அரசாங்கம் எடுத்துக்கொள்ளப் போகிறது என்று செய்தி வந்ததும் ஊரில் முக்கால்வாசிப் பேர் வெடி வாங்கிவைத்தார்கள். செண்பகவல்லி மட்டும் ஆட்சேபணை மனு எழுதினாள்.

ஊரைக் குறை சொல்ல முடியாது. சாத்தூருக்குக் கிழக்கே கரிசல் காட்டில் சித்திரை மாதம் ஒருநாள் மத்தியானம் நின்று பார்த்தவர்களுக்கு அந்த வெடியின் நியாயம் புரியும். வெயிலைக் கொடுத்தால் வீட்டுக்கு வீடு இலவச மின்சாரம், ஊர் முழுக்கக் குளிர்ச்சி என்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

செண்பகவல்லி வேண்டாம் என்றாள். அவளிடம் நாலு ஏக்கர் சிமெண்டுக் களம் இருந்தது. மிளகாய் வத்தல், மோர்மிளகாய், சுண்டவத்தல், கூழ்வடகம் என்று வருடம் முழுக்க அதில் ஏதாவது ஒன்று காய்ந்துகொண்டிருக்கும். புருசன் போனபின் பதினெட்டு வருடமாக அவள் ஒருத்தியாகக் கட்டி எழுப்பிய 'வெயிலுகந்தாள் வத்தல் வடகம்' சிங்கப்பூர் வரைக்கும் போய்க்கொண்டிருந்தது. பாக்கெட்டின் மேல் 'முழுக்க முழுக்க வெயிலில் காய்ந்தது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பாள். முப்பத்திரண்டு பெண்கள் அந்தக் களத்தை நம்பி இருந்தார்கள். வெயில் போனால் களம் போகும், களம் போனால் செண்பகவல்லிக்கு இந்த உலகத்தில் வேறு ஒன்றும் கிடையாது.

வெயிலை எடுப்பது என்றால் என்ன என்று அவளுக்கு விளக்க வந்தவர் பூபதி. மின்வாரியத்தின் உதவிப் பொறியாளர், வயது இருபத்தெட்டு, சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். களத்தின் ஓரத்தில் அவளுடைய தகரக் கொட்டகையில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து அவர் படம் வரைந்து காட்டினார்.

"ஒரே ஒரு தூணுங்க்கா. அறுபது அடி ஒசரம். சுத்துவட்டாரத்துல மூணு மைலுக்கு இருக்கற சூட்டை அது இழுத்துக்கும். பாதியைக் கரண்டா மாத்தும். மிச்சத்தை ஆகாசத்துக்கு அனுப்பிரும். பொகையில்ல, சாம்பல் இல்ல, சத்தமில்லீங்க."

"அந்தக் கரண்டு எங்க போகுது தம்பி?"

"மூணுல ஒரு பங்கு உங்க ஊருக்கே இலவசமுங்க. மிச்சம் மெட்ராசுக்கு. அங்க பெரிய பெரிய கணக்குப் போடற மெஷினெல்லாம் இருக்குதுங்களே, அதெல்லாம் சூடாகிப் போகாம ஏசி போடோணும்."

"அப்ப எங்க ஊரு வெயில எடுத்து, மெட்ராசுல மெஷினுக்கு விசிறி விடுறீக."

"அப்படிச் சொன்னா ஒருமாதிரி இருக்குதுங்க்கா. நிலக்கரி ஆலை ஏழு மூடியாச்சுங்க. அந்தச் சாம்பல்ல மூச்சுத் திணறிக்கிட்டிருந்த சனம் எத்தனைன்னு நெனைக்கறீங்க? ஒரு ஊரு வெயில் கொடுத்தா ஏழு ஊருக்கு வெளிச்சம். இது அரசோட கொள்கை."

பூபதி நல்ல பையன்தான், சொன்னதும் பொய்யில்லை. அதனால்தான் செண்பகவல்லிக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

பக்கத்து ஊரான செவல்குளத்தில் தூண் நட்டு ஒரு வருடமாகியிருந்தது. ஊர்க்காரர்கள் அதற்கு 'வெயில்குடிச்சான்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அரசாங்கம் வைத்த பெயர் ஒரு முழ நீளம், அது யாருக்கும் நினைவில்லை. செண்பகவல்லி ஒருநாள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தாள். எல்லையைத் தாண்டியதும் பஸ்ஸில் இருந்த பெண்கள் பையிலிருந்து கம்பளிச் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டார்கள். பங்குனி இருபதாம் தேதி! ஐஸ் விற்றவர் சுக்குக் காப்பி விற்றார். வேப்பமரங்கள் அந்த வருடம் பூக்கவேயில்லை. ஆனால் பிள்ளைகள் மத்தியானம் ஒரு மணிக்குத் தெருவில் பாண்டி விளையாடின. அதையும் அவள் பார்த்தாள், பார்த்தும் பார்க்காதவள்மாதிரி நடந்தாள்.

அங்கே அவளுக்கு ஒன்றுவிட்ட மதினி முறையாகும் பேச்சியம்மாளும் வத்தல் களம் வைத்திருந்தவள்தான். இப்போது களத்தின்மேல் ஒரு கட்டடம் நின்றது. உள்ளே வரிசையாக உலர்த்தும் இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தன.

"என்ன மதினி இது?" என்றாள் செண்பகவல்லி.

"வேற என்ன செய்ய? சும்மா கெடந்த வெயில எடுத்துக்கிட்டுச் சும்மா கரண்டு குடுத்தாக. அந்தக் கரண்ட வச்சு நான் வெயில் பண்ணிக்கிட்டிருக்கேன்." பேச்சியம்மாள் சிரித்தாள். "இந்த மெஷினு விடுற சூட்டையும் அந்தத் தூணு குடிச்சிருதாம். நல்லாச் சூடு வருதுன்னு ஆபீசுல இருந்து பாராட்டிக் கடுதாசி வேற!"

"வேலைக்கு எத்தன பேரு இருக்காக?"

"முன்ன நாப்பது. இப்ப நாலு."

அந்த நாலு என்ற எண் திரும்பி வரும்வழி முழுக்கச் செண்பகவல்லியின் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. முப்பத்திரண்டில் இருபத்தெட்டு பேரை எப்படிப் போகச் சொல்வது என்று நினைத்துக் கலங்கினாள். தான் கலங்குவது களத்துக்காகவா, அவர்களுக்காகவா என்று மட்டும் அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

தூண் சும்மா வந்துவிடாது. அதற்குத் தகுதி வேண்டும். சித்திரை ஒன்று முதல் கத்திரி முடியும்வரை நாற்பத்தைந்து நாளில், முப்பது நாளாவது வெப்பமானி நாற்பத்தொரு டிகிரியைத் தொட வேண்டும். வெப்பமானியை வெள்ளையடித்த ஒரு மரப்பெட்டிக்குள், நாலு காலில் நிறுத்தி வைப்பார்கள். சுற்றிலும் நூறு அடிக்கு மரமோ சுவரோ இருக்கக் கூடாது என்பது விதி. கோடாங்கிநத்தத்தில் அப்படி ஓர் இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஆக, வெயில் போகக் கூடாது என்று மனுப் போட்டவளின் களத்துக்கு நட்டநடுவிலேயே அரசாங்கம் பெட்டியைக் கொண்டுவந்து நட்டது. செண்பகவல்லி மறுக்கவில்லை. பெட்டி தன் கண் பார்வையில் இருப்பது நல்லதுதான் என்று உள்ளூரச் சிரித்துக்கொண்டாள்.

இன்னொரு விதியும் இருந்தது. அந்தக் காலத்தில் எந்தப் படத்தையும் குரலையும் எண்ணையும் இயந்திரமே பொய்யாகச் செய்துவிடும் என்பதால், திரையில் தெரிகிற எதுவும் சாட்சியாகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டிருந்தது. எனவே பழையபடி பாதரசம், பழையபடி பேனா. தினமும் மத்தியானம் இரண்டரைக்கு இரண்டு சாட்சிகள் தனித்தனியாகப் பெட்டிக்குள் பார்க்க வேண்டும். ஒருவர் திட்டத்தை ஆட்சேபிப்பவர், ஒருவர் ஆதரிப்பவர். பார்த்ததை ஆளுக்கொரு சீட்டில் எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும். இரண்டு சீட்டும் ஒத்துப்போகாத நாள் கணக்கில் சேராது. வாரியத்துக்கு இலக்கு உண்டு என்பதால் பொறியாளர் பெட்டிக்குள் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது.

ஆட்சேபிக்கும் சாட்சி செண்பகவல்லி. ஆதரிக்கும் சாட்சிக்கு ஆள் தேடிப் பூபதி கிளம்பியபோது அவள் குறுக்கே விழுந்தாள்.

"எதுக்குத் தம்பி வெயில்ல அலையிறீக? எங்க பால்த்தாயி இருக்கா. அவ ஆதரவா இருக்கட்டும்."

பால்த்தாய் களத்தின் மேஸ்திரி. பதினாறு வருடமாக அங்கே வேலை செய்கிறவள், செண்பகவல்லி கிழித்த கோட்டைத் தாண்டாதவள். இரண்டு நாற்காலியிலும் தன் ஆளையே உட்காரவைத்துவிட்ட சந்தோசத்தில் அன்றைக்குச் செண்பகவல்லி பூபதிக்கு இரண்டு தம்ளர் நன்னாரி சர்பத் கொடுத்தாள்.

பிறகு வேலையைத் தொடங்கினாள். கைப்பட எழுதும் சீட்டில் பொய் எழுத அவளுக்கு மனசில்லை, பெட்டியைக் குளிர வைப்பதில் பாவமில்லை என்று நினைத்தாள். கோடாங்கிநத்தத்தில் வெயில் பெரும்பாலும் நாற்பதுக்கும் நாற்பத்தொன்றரைக்கும் நடுவில் ஊசலாடும். ஒரு டிகிரி தட்டினால் போதும். பகல் பன்னிரண்டரைக்கு அவள் தூசி அடக்குகிறேன் என்று பெட்டியைச் சுற்றி நாலு குடம் தண்ணீர் தெளிப்பாள். பெட்டியின் காலுக்குக் கீழே நனைத்த சாக்கை விரிப்பாள். முதல் நாள் முப்பத்தொன்பது. இரண்டாம் நாள் முப்பத்தெட்டரை. மூன்றாம் நாள் திருப்தியாகச் சாப்பிட்டுப் படுத்து எழுந்து வந்து பார்த்தால் பாதரசம் நாற்பத்தாறில் நின்றது.

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மறுநாள் ஆறு குடம் ஊற்றினாள். முப்பத்தெட்டு. அதற்கு இரண்டு நாள் கழித்து எட்டுக் குடம். நாற்பத்தேழு! பால்த்தாய் மட்டும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் எண்ணை எழுதி மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இப்படியே நாற்பத்துநாலு நாள் ஓடிவிட்டது. அதில் இருபத்தொன்பது நாள் நாற்பத்தொன்றைத் தாண்டியிருந்தது. இன்னும் ஒரே ஒரு நாள் பாக்கி, ஒரே ஒரு தடவை தொட்டால் தூண் வந்துவிடும். அன்றைக்குச் சீட்டுகளை வாங்கிக்கொண்ட பூபதி கொட்டகையில் உட்கார்ந்து ஒரு பெரிய தாளை விரித்தார். அவர் முகம் பேயறைந்தது போலிருந்தது.

"ஏனுங்க்கா, ஒரு சந்தேகமுங்க. உங்க ஊர்ல புதங்கெழமையும் ஞாயித்துக்கெழமையும் தவறாம சூடு ஏறுதுங்க. மத்த நாள்ல ஏறுனா ஏறுது, இல்லாட்டி இல்ல. சூரியனுக்குக் கெழமை தெரியுமுங்களா? விஞ்ஞானத்துல இதுக்கு விளக்கமே இல்லீங்க."

செண்பகவல்லிக்கு விளக்கம் பளிச்சென்று கிடைத்தது. புதனும் ஞாயிறும் அவள் வீட்டில் கறிக்குழம்பு. கறிக்குழம்பு சாப்பிட்டால் அவள் மின்விசிறிக்குக் கீழே இடி விழுந்தாலும் எழுந்திருக்காமல் தூங்குவாள். ஊரின் வெப்பநிலை அவளுடைய தூக்கத்தைப் பொறுத்து ஏறி இறங்கியிருக்கிறது! பூபதியை அனுப்பிவிட்டுப் பால்த்தாயைக் கூப்பிட்டாள்.

"ஏத்தா, நான் தூங்குறப்ப அந்தப் பெட்டிக்குக் கீழ என்னடி வக்கிறீக?"

பால்த்தாய் மழுப்பவில்லை. "கூழ்வடகம் காய்ச்சுற அண்டாக்கா. அடுப்புல இருந்து எறக்குன சூட்டோட தூக்கிட்டு வந்து வப்போம். நாலு பேரு வேணும் தூக்க."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"முப்பத்திரண்டு பேருக்கும் தெரியும்."

செண்பகவல்லிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. தன்னுடைய சாக்கும் அவர்களுடைய அண்டாவும் ஒரே பெட்டிக்குக் கீழே மல்லுக்கு நின்றிருக்கின்றன. சிரிப்பு அடங்கியதும் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "உங்களுக்காகத்தானடி நான் கெடந்து போராடுறேன். செவல்குளத்துல நாப்பது பேரு நாலு பேரா ஆயிட்டாக, தெரியுமா?"

"தெரியும்க்கா. போயிப் பாத்துட்டு வந்தோம்."

"பாத்துட்டுமா?"

"ஆமாக்கா. வேலை போனா வேற வேலை தேடிக்கிறலாம். எசக்கியம்மாளுக்குக் கிட்னி ஒண்ணு போயிருச்சு. தண்ணி குடிச்சா ஒதுங்க எடமில்லன்னு குடிக்காமலே நின்னா. மகாலட்சுமி மூணு தடவ மயங்கி விழுந்துட்டா. நீங்க வெயில் வெயில்னு சொல்றீகளே, பதினெட்டு வருசத்துல ஒருநாளாவது அதுல நின்னுருக்கீகளா? கொட்டகைக்குள்ள விசிறிக்குக் கீழ இருந்துதான பாத்திருக்கீக."

செண்பகவல்லிக்குச் சுருக்கென்றது. ரோசமும் வந்தது.

"சரிடி. நாளைக்கு நான் நிக்கிறேன். காலையில பத்து மணிக்கு எறங்குனா ரெண்டரை வரைக்கும் உங்ககூடயே நிக்கிறேன். ஆனா நாளைக்குச் சாக்கும் கெடையாது, அண்டாவும் கெடையாது. பெட்டிய யாரும் தொடப்படாது. வெயில் என்ன காட்டுதோ அதான் தீர்ப்பு. சம்மதமா?"

"சூடம் அணைப்பீகளா?"

"அணைப்பேன்."

ஊர்க்கோடியில் கூரையில்லாமல் நிற்கும் வெயிலுகந்த அம்மன் முன்னால் இருவரும் சூடத்தைக் கொளுத்தி, உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தார்கள்.

மறுநாள் பத்து மணிக்குச் செண்பகவல்லி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வத்தல் தள்ளும் பலகையை எடுத்துக்கொண்டு களத்தில் இறங்கினாள். முதல் அரைமணி நேரம் வேடிக்கையாகத்தான் இருந்தது. வேலைக்காரப் பெண்களோடு கேலி பேசிக்கொண்டு மிளகாயைப் புரட்டினாள். பதினொன்றுக்குச் செருப்பைத் தாண்டிச் சூடு பாதத்தில் ஏறியது. பன்னிரண்டுக்கு மிளகாய் நெடி மூக்கைப் பிடுங்கியது. வெயில் மேலேயிருந்து மட்டும் வரவில்லை, சிமெண்டுத் தரையிலிருந்தும் எழும்பி முகத்தில் அறைந்தது. பதினெட்டு வருடமாகத் தன் சோற்றைப் போட்ட வெயில் இவ்வளவு கொடூரமானது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருப்பார்கள், விசிறிச் சத்தத்தில் காதில் விழுந்திருக்காது.

ஒரு மணிக்கு அவள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் குடிக்கக் குடத்தை எடுத்தவள், குடித்தால் எங்கே ஒதுங்குவது என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். நாலு ஏக்கரும் வெட்டவெளி. குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். எசக்கியம்மாளை நினைத்து வெட்கமாக இருந்தது.

இரண்டு மணிக்குக் கால் பின்னியது. விழுந்துவிடாமல் பால்த்தாய் இடுப்பில் கை கொடுத்துத் தாங்கினாள்.

"போதும்க்கா. உள்ள போங்க. நீங்க நின்னதே பெருசு."

"விடுடி. பேச்சுன்னா பேச்சு."

"மேலெல்லாம் கொதிக்குது உங்களுக்கு. உங்களுக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா இந்தக் களத்த யாரு பாக்குறது?" பால்த்தாய் தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். "ஒத்தப் பொம்பளயா எவ்வளவு பாடுபட்டுக் கட்டுனீக. கடனுக்கு நாயா அலைஞ்சது எனக்குத் தெரியாதா?"

இரண்டரைக்குப் பூபதி வந்தார். அவருக்கு ஒரே பதற்றம். இந்த ஊர் கிடைத்தால் அவருடைய மாவட்டத்துக்கு இலக்கு முடிந்தது. விதிப்படி பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு களத்தோரம் நின்றார்.

முதலில் செண்பகவல்லி போனாள். பெட்டிக் கதவைத் திறந்தாள். கண் இருட்டிக்கொண்டு வந்ததால் இரண்டு தடவை பார்த்தாள். நாற்பது புள்ளி எட்டு. சந்தேகமே இல்லை, பாதரசம் நாற்பத்தொன்றுக்கு இரண்டு கோடு கீழே நின்றது. அவள் ஜெயித்துவிட்டாள். களம் தப்பியது. சீட்டை எடுத்து முழங்கால்மேல் வைத்து எழுதி மடித்துப் பூபதியிடம் நீட்டினாள்.

அடுத்துப் பால்த்தாய் போனாள். அவளும் இரண்டு தடவை பார்த்தாள். சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுதினாள். மற்ற முப்பத்தொரு பேரும் பலகையைக் கீழே போட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள்.

பூபதி முதல் சீட்டைப் பிரித்தார். "ஆட்சேபிக்கும் சாட்சி, செண்பகவல்லி அம்மா. நாற்பத்தொன்று!"

கூட்டம் ஓவென்று கத்தியது. பூபதி துள்ளிக் குதிக்காத குறைதான். ஆட்சேபித்தவளே நாற்பத்தொன்று எழுதியபிறகு ஆதரிப்பவள் வேறு என்ன எழுதிவிடப் போகிறாள்? சிரித்துக்கொண்டே இரண்டாவது சீட்டைப் பிரித்தார். சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

"ஆதரிக்கும் சாட்சி, பால்த்தாய். நாற்பது புள்ளி எட்டு."

பூபதி இரண்டு சீட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஆள் மாறி எழுதிவிட்டார்களா என்று கையெழுத்தைச் சரிபார்த்தார். பிறகு தலையில் கைவைத்துக்கொண்டு கொதிக்கிற தரையிலேயே உட்கார்ந்து, உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டார்.

"ஒத்துப்போகலீங்க. இன்னிக்கு நாள் செல்லாது. இருபத்தொன்பதோட நின்னுபோச்சுங்க. இனி அடுத்த சித்திரைதானுங்க."

இரண்டு பெண்களும் அவரைக் கவனிக்கவில்லை. ஒருவரை ஒருவர் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க்கா பொய் எழுதுனீக?" என்றாள் பால்த்தாய். "சூடம் அணைச்சீகளே!"

"பெட்டியத் தொட மாட்டேன்னுதானடி அணைச்சேன். தாளைத் தொட மாட்டேன்னா சொன்னேன்? எம்மேலுக்கு அது நாப்பத்தொண்ணுதான்." செண்பகவல்லிக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அது கெடக்கட்டும், நீ எதுக்குடி உண்மைய எழுதித் தொலச்ச?"

பால்த்தாய் உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள். பின்னால் நின்ற எசக்கியம்மாள்தான் முதலில் சிரித்தாள். முப்பது பேரும் சேர்ந்துகொண்டார்கள். செண்பகவல்லி பால்த்தாயைப் பிடித்துக் குலுக்கினாள், பிறகு கட்டிக்கொண்டாள், பிறகு அவளும் சிரித்தாள்.

சிரித்து முடித்ததும் முந்தானையைச் செருகிக்கொண்டு முதலாளிக் குரலில் சொன்னாள். "நாளையில இருந்து களத்துல கக்கூசு கட்டுற வேலை தொடங்குது. பத்து மணிக்கு மேல, நாலு மணிக்கு முன்ன, பொம்பளைக ஒருத்தியும் வெயில்ல நிக்கப்படாது. அடுத்த சித்திரை வரைக்கும் இதான் சட்டம்."

"அப்ப மத்தியானத்துல வத்தல யாருக்கா பெரட்டுறது?"

செண்பகவல்லி திரும்பிப் பார்த்தாள். பூபதி இரண்டு சீட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இன்னும் ஏதாவது தேறுமா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"தம்பி இருக்காருல்ல," என்று தன் கையிலிருந்த பலகையை எடுத்து அவரிடம் நீட்டினாள். "ஊருக்கு நல்லது செய்ய வந்தவரு. பிடிங்க தம்பி, மேற்கோரத்துல இருந்து தொடங்குங்க."